இடைவெளியும் ஓர் எழுத்தே

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கச் சுரங்க நகரின் பெயரைத் தமிழர் பல விதமாக எழுதுவர். 'கோலார் தங்க வயல்' என்று மூன்று சொற்களாக எழுதுவோர் உளர். 'கோலார் தங்கவயல்' என்று இரண்டாக எழுதுவோர் உளர். அனைத்தையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவதற்கும் இலக்கணத் தடை ஏதுமில்லை. அந்நகரின் ஒரு பகுதியான கோரமண்டலுக்கு வரும் கடித உறையில் இம்மூன்றில் எது காணப்பட்டாலும், தபால்காரர் அதனை உரிய வீட்டிலேயே கொண்டு சேர்ப்பார்.

கணினி அவ்வாறு செய்வதில்லை. அதற்கு இவை மூன்றும் வெவ்வேறு பெயர்களாகும். அன்றியும், முதற் பெயரை அது சில சமயங்களில் ஒரு பெயராகவே ஏற்பதில்லை. மூன்று தனிப் பெயர்களாகப் பிரித்துக் கொள்கிறது. 'இப்பெயருடைய கோப்பு இல்லை' என்று திரையில் தோன்றும் அறிவிப்புகள் பலவற்றுக்கு இதுவே காரணம். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே இல்லை என்று கூறப்படுவதால், புதிதாகப் பயில்வோர் இயந்திரம் பழுதடைந்துவிட்டதோ என மயங்குகின்றனர். கிராமங்களில் விவரங்களைத் திரட்டிக் கணினியில் சேமிக்கும் ஊழியர்களும், மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம். கோப்பு கிட்டாமற் போவது இதன் சிறிய தீமை. கோப்பு அழிந்து போவது பெரிய தீமை.

பாதை என்பது யாது?

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் முதலிய நிலையங்கள் உள்ளன. ஓரிடத்தை அடைய எந்தெந்த நிலையங்களைக் கடக்க வேண்டும் என்று வரிசையாக எழுதினால், அது அவ்விடத்துக்குரிய பாதைக் குறிப்பாகும். கணினியில் ஒரு கோப்பின் பாதையும் இத்தகையதே. 'பதிவுகள்/கோலார் தங்க வயல்/கோரமண்டல்/மழையளவு' என்ற பாதையில் நான்கு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது சாய்வுக் கோடு. லினக்ஸ் முறையில் முன்சாய்வுக் கோடும், விண்டோஸ் முறையில் பின்சாய்வுக் கோடும் வழங்குகின்றன.

திரையிலுள்ள படத்தின் மீது சுட்டியை வைத்துக் கோப்பைத் திறக்கும்போது பெயரில் இடைவெளி இருப்பதால் யாதொரு தொல்லையும் இல்லை. படத்தைத் தொட்டவுடன் முழுப் பெயரும் நிரலுக்குச் சென்று சேர்கிறது. கட்டளையை எழுத்தால் தட்டச்சு செய்யும் 'கட்டளை வரி' முறையில் நிலைமை வேறு. அங்கே ஒரே வரியில் கட்டளையின் பெயரும், அது எந்தெந்தக் கோப்புகள் மீது செயற்பட வேண்டும் என்ற குறிப்புகளும் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கு இடைவெளியே அடையாளமாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஆகவே மனிதர் ஒரு பெயரின் உள்ளே வைத்த இடைவெளியை, இயந்திரம் இரு பெயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியாகக் கருதுகிறது.

மணியோசையும் மௌனமும்

சுரங்கத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆழத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கூண்டை இயக்குபவர், கீழே நிற்பவரைக் கண்ணால் காண்பதில்லை. மணி எத்தனை முறை ஒலிக்கிறது என்பதைக் கொண்டே நிறுத்துவதா, ஏற்றுவதா, இறக்குவதா என்று முடிவு செய்கிறார். ஓர் உத்தரவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அவருக்கு உணர்த்துவது இடையிலுள்ள மௌனமே. அம்மௌனம் இல்லாவிடில் இரண்டு உத்தரவுகள் கலந்து மூன்றாவதோர் உத்தரவாகிவிடும். வேண்டாத இடத்தில் மௌனம் நேர்ந்தால் ஓர் உத்தரவே இரண்டாக உடைந்துவிடும். ஆதலின் மணியைப் போலவே மௌனமும் செய்தியின் ஒரு பகுதியாகும்.

தமிழாசிரியர்களும் இதனை வேறொரு துறையில் அறிவர். 'தாமரை' என்று சேர்த்துப் படித்தால் மலர். 'தா மரை' என்று பிரித்தால் தாவுகின்ற மான். 'பலகை' என்பது ஒரு பொருள். 'பல கை' என்பது வேறொன்று. இவ்வாறு பிரித்துப் பொருள் கொள்ளும் சிலேடையைப் பிரிமொழிச் சிலேடை என்பர். புலவர்க்கு அது நயம். கணினிக்கோ சிலேடை இல்லை. இடைவெளி உள்ள இடமெல்லாம் பிரிப்பதே அதற்கு விதி. ஓலைச்சுவடியில் சொற்களிடையே வெளிவிடாமல் எழுதினர். படிப்பவர் தம் அறிவால் பிரித்துக் கொண்டார். இயந்திரத்துக்கு அவ்வறிவு இல்லாமையால், பிரிக்கும் இடத்தை எழுதுபவரே காட்ட வேண்டியுள்ளது.

இயந்திரத்தின் கணக்கில் இடைவெளி வெற்றிடமும் அன்று. 1963-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் எழுத்துக் குறிமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இடைவெளிக்குரிய எண் 32. எனவே அதுவும் ஓர் எழுத்தே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து.

இவ்வழக்கத்தின் வரலாறு

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969-ல் தொடங்கிய யூனிக்ஸ் இயக்க முறைமையில், பயனாளர் இடும் வரியை வாங்கிப் பிரித்து உரிய நிரலிடம் ஒப்படைப்பதற்கு 'ஷெல்' என்னும் நிரல் அமைக்கப்பட்டது. 1979-ல் வெளிவந்த ஸ்டீபன் பார்னின் ஷெல்லும், 1989-ல் பிரையன் பாக்ஸ் வெளியிட்ட பாஷ் என்னும் ஷெல்லும் இடைவெளியால் பிரிக்கும் வழக்கத்தையே பின்பற்றின. யூனிக்ஸ் கோப்புப் பெயரில் இடைவெளி இடத் தடை ஏதுமில்லை. எனினும் பெயர்களைச் சுருக்கமாக வைக்கும் பழக்கத்தால் இடர் மிகுதியாகத் தோன்றவில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பழைய டாஸ் முறைமையில் பெயருக்கு 8 எழுத்தும் வகைக் குறிப்புக்கு 3 எழுத்தும் மட்டுமே இடமிருந்தன. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரையிலான நீண்ட பெயர்களையும், அவற்றுள் இடைவெளியையும் பொதுமக்களின் உபயோகத்துக்குக் கொண்டு வந்தது. நிரல்கள் நிறுவப்படும் இடத்துக்கே 'புரோகிராம் பைல்ஸ்' என்று நடுவில் இடைவெளியுள்ள பெயர் இடப்பட்டது. அதுமுதல் இடைவெளியை எதிர்பாராமல் எழுதப்பட்ட கருவிகள் ஒருபுறமும், இடைவெளி நிறைந்த பெயர்கள் மறுபுறமுமாக நிற்கின்றன. பயனாளர் கணக்கைத் தொடங்கும்போது 'தலைமை ஆசிரியர்' என்று பெயரிட்டால், அப்பெயரிலேயே ஒரு கோப்புறை அமையலாம். பிறகு அதனுள் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்பின் பாதையிலும் அந்த இடைவெளி தொடர்ந்து வரும்.

நேர்ந்த விபத்துகள்

இடைவெளியால் விளைந்த நஷ்டங்களுக்குச் சான்றுகள் உள்ளன. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மாக்கிண்டாஷ் கணினிகளுக்கென ஐடியூன்ஸ் 2.0 என்ற இசை நிரலை வெளியிட்டது. அதனை நிறுவும் கட்டளைக் கோவையில் பழைய பிரதியை அழிக்கும் வரி ஒன்று இருந்தது. அவ்வரியில் பாதையைச் சுற்றி மேற்கோள் குறி இடப்படவில்லை. வட்டின் பெயரில் இடைவெளி இருந்த சில கணினிகளில், பாதை இடையே முறிந்து, பழைய நிரலுக்குப் பதிலாக வேறு வட்டுப் பகுதியிலிருந்த கோப்புகள் அழிந்தன. நிறுவனம் அப்பதிப்பைத் திரும்பப் பெற்று, திருத்திய 2.0.1 பதிப்பை வெளியிட்டது.

2011-ல் லினக்ஸ் கணினிகளுக்கான பம்பிள்பீ என்ற நிரலில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. அழிக்க வேண்டிய நீண்ட பாதையில் 'யூஎஸ்ஆர்' என்ற முதற் பகுதிக்குப் பின் ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. அப்பெயருடைய கோப்புறையில்தான் முறைமையின் பெரும்பாலான நிரல்கள் இருக்கின்றன. கட்டளை அதனையே தனிப் பாதையாகக் கொண்டு முழுவதையும் அழிக்கத் தொடங்கியது. ஒரு தட்டச்சு விசை தவறியதன் விளைவு இது.

விண்டோஸில் மற்றோர் அபாயமும் உண்டு. 'புரோகிராம் பைல்ஸ்' வழியாகச் செல்லும் பாதையை மேற்கோள் குறியின்றிப் பதிவு செய்தால், முறைமை முதலில் 'புரோகிராம்' என்ற பெயரில் ஏதேனும் நிரல் உள்ளதா என்று தேடிப் பார்க்கக்கூடும். தீய எண்ணமுடையவர் அப்பெயரில் ஒரு நிரலை முன்பே வைத்திருந்தால் அதுவே இயங்கிவிடும். மென்பொருட் பலவீனங்களைத் தொகுக்கும் சர்வதேசப் பட்டியலில் இக்குறை 428-ஆம் எண்ணாக இடம்பெற்றுள்ளது.

அலுவலகத்திலோ பள்ளியிலோ இது எவ்வாறு நேரலாம் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 'கோலார்' என்பது மூலப் பதிவுகளின் கோப்புறை. 'கோலார் நகல்' என்பது அதன் பழைய பிரதி. லினக்ஸ் கணினியில் இடத்தை மிச்சப்படுத்த எண்ணிய ஒருவர், நகலை அழிக்குமாறு மேற்கோள் குறியின்றிக் கட்டளையிடுகிறார். ஷெல் அதனை 'கோலார்', 'நகல்' என்ற இரு பெயர்களாகக் கொள்கிறது. 'கோலார்' அழிகிறது, 'நகல்' என்று ஒன்று இல்லை என அறிவிப்பு வருகிறது. அழிய வேண்டியது நிற்கிறது. நிற்க வேண்டியது அழிகிறது.

கோலார் தங்க வயலைப் போன்ற ஓரிடத்தின் பதிவுகளில் இத்தகைய நஷ்டம் ஈடு செய்ய இயலாதது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் வளர்ந்த இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற அப்பாதைகளில் இப்போது நீர் நிறைந்துள்ளது. 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களை விஞ்ஞானிகள் கண்டறிந்த ஆய்வும் இவ்வாழத்திலேயே நடைபெற்றது. மீண்டும் கீழே இறங்கி அளவெடுக்க வழியில்லாத இடத்தைப் பற்றி எஞ்சியிருப்பவை ஏடுகளே. அவை கணினிக்கு மாற்றப்படும்போது, பெயரிடுவதிலும் அழிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும்.

'மேக்' முதலிய கருவிகள்

நிரலாளர் எழுதிய மூல நிரலை இயங்கும் நிரலாக உருவாக்கித் தரும் வேலையை முறைப்படுத்துவதற்குக் கட்டுமானக் கருவிகள் பயன்படுகின்றன. அவற்றுள் மூத்ததும் இன்றளவும் வழக்கிலுள்ளதுமான 'மேக்' என்பதை 1976-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் இயற்றினார். சமையற் குறிப்பு போன்ற ஒரு விதிக் கோப்பை அது படிக்கிறது. இடப்பக்கம் ஆக்க வேண்டிய பொருளின் பெயர், வலப்பக்கம் அதற்குத் தேவையான பொருள்களின் பெயர்கள் என்று ஒவ்வொரு விதியும் அமையும். தேவைப் பொருள்களைப் பிரிப்பது இடைவெளியே.

ஆகவே 'தங்க வயல்' என்ற ஒரு கோப்பைக் குறித்தால், மேக் அதனை 'தங்க' என்றும் 'வயல்' என்றும் இரு பொருள்களாகக் கருதும். 'தங்க' என்பதை ஆக்குவதற்கு விதி இல்லை என்று கூறி நின்றுவிடும். இங்கே மேற்கோள் குறியும் உதவாது. பெயர்ப் பட்டியலில் வரும் மேற்கோள் குறியை மேக் சாதாரண எழுத்தாகவே மதிக்கிறது. இடைவெளிக்கு முன் பின்சாய்வுக் கோடு இடுவது சில இடங்களில் பலிக்கும். ஆனால் பெயர்களைப் பட்டியலாகக் கையாளும் உட்செயல்களில் அப்பாதுகாப்பு மறைந்துவிடும். மேக்கின் வேறோர் இயல்பும் நினைவில் வைக்கத்தக்கது. விதியின் கீழ் வரும் கட்டளை வரி டேப் விசையால் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளிகள் இட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும், கருவி ஏற்காது.

பிற்காலத்துக் கருவிகள் பல இடைவெளியைச் சரியாகவே கையாளுகின்றன. ஆயினும் ஒரு கருவி தொகுப்பியை அழைக்கிறது. தொகுப்பி வேறொரு கோவையை அழைக்கிறது. ஒவ்வொரு படியிலும் யாரேனும் ஒருவர் வரியைப் பிரிக்கிறார். முதற்படியில் இட்ட மேற்கோள் குறி அங்கேயே கழற்றப்பட்டுவிடுவதால், இரண்டாம் படியில் பெயர் மீண்டும் காப்பின்றி நிற்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாயிருந்தாலும் வேலை கெடும்.

பரிகாரங்கள்

முதற் பரிகாரம், பெயரிடும்போதே இடைவெளியைத் தவிர்ப்பது. 'கோலார்_தங்க_வயல்' என்று அடிக்கோட்டாலோ, 'கோலார்-தங்க-வயல்' என்று சிறுகோட்டாலோ சொற்களை இணைக்கலாம். படிப்பவருக்குச் சொற்பிரிவும் தெரியும். இயந்திரத்துக்கு அது ஒரே பெயராகவும் இருக்கும். ஆனால் பெயரின் தொடக்கத்தில் சிறுகோடு வரலாகாது. பல நிரல்கள் அதனைக் கோப்பின் பெயராகக் கொள்ளாமல் தமக்கு இடப்பட்ட விருப்பக் குறியாகக் கொள்ளும். இக்கட்டுரையில் விளக்கத்துக்காகத் தமிழ்ப் பெயர்கள் காட்டப்பட்டுள்ளன. கட்டுமானக் கருவிகளைக் கொண்டு வேலை செய்யும் கோப்புறைக்கு ரோமன் சிற்றெழுத்துகளில் ஒரே சொல்லாலான பெயரிட்டு, அதனை வட்டின் முதல் நிலையிலேயே வைத்துக் கொள்வது மிகவும் பத்திரமானது.

இரண்டாவது, இடைவெளியுள்ள பெயரைத் தவிர்க்க இயலாதபோது அதனை மேற்கோள் குறிக்குள் அடைப்பது. லினக்ஸ் ஷெல்லில் ஒற்றைக் குறி, இரட்டைக் குறி இரண்டும் பயன்படும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் இரட்டைக் குறி மட்டுமே பயன்படும். அங்கே மேலும் ஒரு கண்ணி உண்டு: பாதையின் கடைசியில் பின்சாய்வுக் கோடும் அதனை ஒட்டி மேற்கோள் குறியும் வந்தால், பல நிரல்கள் அக்குறியை முடிவாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொண்டுவிடும். ஆகையால் இறுதிச் சாய்வுக் கோட்டை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, கட்டளைக் கோவையில் பாதையை ஒரு மாறியில் வைத்து வழங்கும்போது அம்மாறியையும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவது. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் மாறியின் மதிப்பு வராது; பெயர் மட்டுமே வரும். இன்று பாதையில் இடைவெளி இல்லை என்று மேற்கோளை விட்டுவிட்டால், நாளை வேறொருவர் இடைவெளியுள்ள கோப்புறையில் அதே கோவையை இயக்கும்போது அது கெடும்.

நான்காவது, முழுப் பெயரையும் கையால் தட்டச்சு செய்யாமல், முதல் சில எழுத்துகளுக்குப் பின் டேப் விசையை அழுத்துவது. ஷெல் பெயரைத் தானே நிரப்பி, வேண்டிய மேற்கோளையோ பின்சாய்வுக் கோட்டையோ சேர்த்துவிடும்.

ஐந்தாவது, சுற்றறிக்கையிலிருந்து கட்டளையைப் பிரதி எடுக்கும்போது கவனமாயிருப்பது. சொற்செயலி நிரல்கள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடுவதுண்டு. அச்சுக்கு அது அழகு. ஷெல்லுக்கு அது மேற்கோளே அன்று. வரி முறியாதிருக்கச் சேர்க்கப்படும் சிறப்பு இடைவெளியும் கண்ணுக்குச் சாதாரண இடைவெளியாகவே தோன்றும். அதன் எண் 160 ஆதலால் ஷெல் அதனைப் பிரிவாகக் கொள்ளாது.

அழிக்கும் கட்டளைக்கு மட்டும் மேலும் ஒரு விதி சேர்க்கலாம். அழிப்பதற்கு முன், அதே பாதையைக் கொண்டு பட்டியலிடும் கட்டளையை இட்டுப் பார்த்தல் வேண்டும். பட்டியலில் வருவது எதுவோ அதுவே அழியும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வுண்மையை மாணவர்க்குக் காட்டுவதற்குத் தீங்கற்ற சோதனை ஒன்று உண்டு. சோதனைக்கென வெறுமையான கோப்புறை ஒன்றைத் திறந்து, புதிய கோப்புறையை உண்டாக்கும் 'எம்கேடிர்' என்ற கட்டளைக்குப் பின், மேற்கோள் குறியின்றி, கோலார் தங்க வயல் என்று தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். ஒரு கோப்புறைக்குப் பதிலாக 'கோலார்', 'தங்க', 'வயல்' என மூன்று கோப்புறைகள் தோன்றும். பிறகு அப்பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு மீண்டும் செய்தால், நான்காவதாக முழுப் பெயருடைய கோப்புறை ஒன்று தோன்றும். லினக்ஸிலும் விண்டோஸ் கட்டளைச் சாளரத்திலும் முடிவு ஒன்றே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் உள்ள கணினிகளிலும் இதனைச் செய்யலாம்.

விண்டோஸில் கோப்புறைக்குள் நுழைவதற்குரிய 'சிடி' கட்டளை மாத்திரம், மேற்கோள் இல்லாவிடினும் இடைவெளியுள்ள பெயரை ஏற்றுக்கொள்கிறது என்பதையும் மாணவர்க்குக் கூறிவிட வேண்டும். அது ஒரு விதிவிலக்கு. அதனைக் கண்டு எல்லாக் கட்டளைகளும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணுவது பிழை. விண்டோஸில் வரியைப் பிரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த நிரலையே சார்ந்தது. லினக்ஸில் ஷெல்லே பிரித்துத் தருகிறது. ஒரு நிரலுக்கு மற்றொன்று மாறுபடுவதன் காரணம் இதுவே.

ஊரின் பெயரை ஆவணத்தின் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் வேண்டிய சிறப்போடு, உரிய இடைவெளிகளோடு எழுதலாம்; அங்கே அதனைப் படிப்பவர் மனிதர். பாதையில் எழுதும் பெயரோ அலமாரியில் ஒட்டிய அடையாளச் சீட்டைப் போன்றது. அது சுருக்கமாகவும், இடைவெளியின்றியும், எல்லா ஊழியரும் ஒரே விதமாக எழுதத் தக்கதாகவும் இருக்க வேண்டும். ஓர் அலுவலகமோ பள்ளியோ தன் கோப்புப் பெயர்களுக்கு ஒரு முறையை நிர்ணயித்து, அதனை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வைப்பதற்கு அரைமணி நேரம் போதும். அதன்பின் புதிதாகச் சேரும் ஊழியரும் அம்முறையையே பின்பற்றலாம்.